வேலையில்லாத வரியும் ஜன்னலோர சீட்டும்

நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மேலாளர் உட்பட அலுவலகமே அவளை அண்ணி என்றுதான் அழைத்தது. சலவை இயந்திரத்தை ஓட்டும் புரோகிராமை எழுதுவது அண்ணியின் வேலை. அதைச் சோதித்துக் குறை சொல்வது நாத்தனாரின் வேலை. வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

அண்ணி சி மொழியில் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தருவது கம்பைலர். பழைய கம்பைலரை அந்த வாரம்தான் மாற்றினார்கள். புதியது நாத்தனாரின் சிபாரிசு. மறுநாளே, கனமான துணிக்கான பொத்தானை அழுத்தினால் சோதனை அறை இயந்திரம் பாதியில் நின்றது. கதவும் பூட்டிக்கொண்டது. உள்ளே மேலாளரின் சட்டைகள் இரண்டு.

“உங்க புரோகிராம்லதான் கோளாறு, அண்ணி.”

“பதினோரு வருஷமா அழாத பிள்ளை நீ தூக்கினதும் அழுதா, கிள்ளினது யாரு?”

“உங்க தப்புதான்னு தெரிஞ்சா?”

“என் ஜன்னலோர சீட்டை எடுத்துக்கோ.”

சொன்ன பிறகுதான் சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தளத்துக்கே ஒரே ஜன்னல். ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த இடம்.

எங்கே நிற்கிறது என்று பார்க்க, நடுவில் ‘இதுவரை வந்தாச்சு’ என்று திரையில் காட்டும் ஒரு வரியைச் சேர்த்தாள். இயந்திரம் சமர்த்தாக ஓடியது. வரியை எடுத்தாள், நின்றது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி.

மதியத்துக்கு மேல் அகப்பட்டது. அவளே எழுதிய வரி. எதற்கும் பயன்படாத ஓர் இடத்தை நினைவகத்தில் ஒதுக்கி, பக்கத்தில் ‘இதைத் தொடாதே’ என்று குறிப்பும் எழுதியிருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்பும் இதே மாதிரி நின்றது; குருட்டாம்போக்கில் இந்த வரியைச் சேர்த்ததும் ஓடியது. ஏன் என்று கேட்க நேரமில்லை, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது.

இப்போது புரிந்தது. சலவையின் பெயருக்கு எட்டு எழுத்து இடம்தான் விட்டிருந்தாள். பெயருக்குப் பின்னால் முடிவுக்குறியாக ஒரு பூஜ்ஜியமும் வரும். கனமான துணிச் சலவைக்கு மட்டும் பெயரே எட்டெழுத்து. வழிந்த பூஜ்ஜியத்தை அந்த வெற்றிடம் இத்தனை வருடம் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது. புதிய கம்பைலர் கறார் பேர்வழி. வேலையில்லாதவனுக்கு இங்கே என்ன இடம் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டது. பூஜ்ஜியம் நேரே வேகக் கணக்கில் போய் விழ, இயந்திரம் நின்றது. திரையில் காட்டும் வரியைச் சேர்த்தபோது நினைவகத்தில் இடங்கள் சற்று நகர்ந்ததால்தான் அப்போது மட்டும் ஓடியது.

எட்டை ஒன்பதாக்கினாள். கதவு திறந்து சட்டைகள் வந்தன. பக்கத்தில் ஒருவரும் இல்லை. கம்பைலர்மேல் பழியைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு நிமிடம் அந்த யோசனையை ஆசையாக வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நாத்தனாரிடம் போனாள்.

“தப்பு என்னோடதுதான்.”

“தெரியும் அண்ணி. கம்பைலரே எச்சரிக்கை குடுத்துச்சே, படிக்கலையா?”

“நூத்தி நாப்பது எச்சரிக்கை குடுத்துச்சு. உங்கம்மாகூட எனக்கு அவ்வளவு குடுத்ததில்ல.”

அன்றைக்கே இடம் மாறியது. மறுநாள் மூன்று மணிக்கு வெயில் நாத்தனாரின் கணினித் திரையில் பளீரென்று இறங்கியது.

“அண்ணி, இங்க ஒரு திரைச்சீலை இருந்துச்சே?”

“அது என் வீட்டுச் சீலை. சீட்டைத்தான் தரேன்னேன்,” என்றாள் அண்ணி, தலையை நிமிர்த்தாமல்.