பதினொரு தடவை உட்கார்ந்தவர்

மழைக்கு முன் எங்கள் கரமனை வீட்டுப் பின்சுவரைப் பூச வந்த திருநெல்வேலிக் கொத்தனார், கல்ஃபில் ஆங்கிலம் கற்றவர். காதில் எப்போதும் பென்சில். மதியத்துக்குள் பதினொரு தடவை உட்கார்ந்தார்; எண்ணினேன்.

"எத்தனை ரெஸ்ட்தான் எடுப்பீர் ஓய்?"

"ரெஸ்ட்டு களைச்சவனுக்கு, சாரே. பிரேக்கு டீ குடிக்க. இது ஐடில். கீழ்ப்பூச்சு இறுகுத வரைக்கும் சும்மா இருக்கணும்."

"சோம்பலுக்கு இங்கிலீஷா? எழுந்து பூசும்!"

முறைத்துவிட்டுப் பூசினார். மறுநாள் அப்படி அவசரமாகப் பூசிய இடம் மட்டும் மூன்று முழத்துக்குப் பெயர்ந்து கிடந்தது.

"சுவருக்கு ஓவர்டைம் குடுத்தா இப்படித்தான், சாரே."

மறுபடி பூசினார், இடையிடையே உட்கார்ந்தார்.

சுவர் இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆனாலும் அந்தப் பதினொன்றில் எத்தனை சுவருக்காக, எத்தனை அவருக்காக என்பது எனக்குப் பிடிபடவில்லை.