பாங்கொக்கை விட்டு ஓடிவரப் பார்த்த வாரம்

லண்டன் ஹீத்ரோவில் விமானம் தரை தொட்டபோது சனிக்கிழமை காலை ஆறே முக்கால். குடிவரவு வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி என் இலங்கைக் கடவுச்சீட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டினாள். என் மனைவி பிளோயின் தாய்லாந்துக் கடவுச்சீட்டை அதைவிட மெதுவாகப் புரட்டினாள். எத்தனை நாள், யார் வீடு என்று கேட்டாள். ஒரு வாரம், மனோர் பார்க்கில் என் அண்ணன் சிவநேசன் வீடு என்றேன். சுற்றிப் பார்க்கவா என்றாள். ஓம் என்றேன். உண்மையில் நாங்கள் பார்க்க வந்தது கோபுரங்களையும் பாலங்களையும் அல்ல. பாங்கொக்கை விட்டுவிட்டு இங்கேயே வந்து குடியேறலாமா என்று பார்க்கத்தான் வந்திருந்தோம். அண்ணனின் சிநேகிதர் பாலேந்திரனுக்கு பார்க் ரோயல் பக்கம் குளிர்சாதனக் கிடங்கு இருந்தது. அதைப் பராமரிக்க என்னைப்போல ஒரு எஞ்சினியர் தேவை என்றும் விசாவுக்கும் தானே பொறுப்பு நிற்பதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

ஏன் ஓடிவரப் பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடமாக பாங்கொக்கில் இருக்கிறேன். வந்த வருடமே கட்டிக்கொண்ட மனைவி அந்த நாட்டுக்காரி, அந்த நாட்டுக்கு வரி கட்டுகிறேன், அவர்கள் மொழியில் சண்டையே பிடிப்பேன். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று குடிவரவுக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். நீர்வீழ்ச்சி பார்க்கப் போனால் பிளோய்க்கு ஒரு விலை, என் முகத்துக்கு அதைப்போலப் பல மடங்கு. குளியலறைக் கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரியிடம் சொன்னால் சிரித்தபடி "நாளைக்கு" என்பாள். அந்த நாளைக்கு இரண்டு மழைக்காலமாக வரவில்லை. வேலையிடத்தில் நான் சொல்லும் திட்டத்துக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் பார்த்தால் ஒருவரும் அதில் கைவைத்திருக்கமாட்டார்கள். முகத்துக்கு நேரே "இல்லை" சொல்வது அங்கே மரியாதைக்கேடு. அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற இந்தக் கூச்சத்துக்கு "கிரெங் ஜாய்" என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்து என்ன, எனக்கு மிஞ்சியது இரத்தக் கொதிப்பு.

ஹீத்ரோவிலிருந்து மனோர் பார்க்குக்கு எலிசபெத் லைனில் மாறாமல் போகலாம். ஆளுக்குப் பதினான்கு பவுணுக்குப் பத்துப் பென்ஸ் குறைவு. பாங்கொக்கில் அந்தக் காசுக்கு நான்கு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று முணுமுணுத்தேன். ஆனால் ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. மூன்றாவது நிலையத்தில் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவர், பக்கத்தில் சத்தமாகப் பாட்டுக் கேட்ட பெடியனிடம், "அதை நிற்பாட்டு, எனக்குத் தலையிடிக்கிறது" என்று நேரே சொன்னார். பெடியனும் நிற்பாட்டினான். நான் பிளோயின் தோளில் தட்டி, "பார்த்தாயா, இதுதான் ஊர்" என்றேன். அவள் சிரித்தாள்.

மனோர் பார்க்கில் எல்லா வீடும் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கின்றன. அண்ணன் வீட்டுக்குள் கால் வைத்ததும் அண்ணி புட்டும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் பரப்பிவிட்டார். இங்கேதான் முதல் கூத்து தொடங்கியது. தாய்லாந்தில் சாப்பாட்டுக் கோப்பையில் கொஞ்சம் மிச்சம் விட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். எங்கள் வீடுகளில் மிச்சம் விட்டால் கறி பிடிக்கவில்லை என்று பொருள். இதை நான் விமானத்திலேயே பிளோய்க்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், கெட்டிக்காரன் என்ற நினைப்பில். அவள் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டாள். வெறுங் கோப்பையைக் கண்ட அண்ணி மறுபடி புட்டைப் போட்டார். மூத்தவர் தன் கையால் பரிமாறியதை மறுப்பது பிளோய்க்கு முடியாத காரியம். அதையும் சாப்பிட்டாள். மறுபடி புட்டு வந்தது.

"பாவம் பிள்ளை, அங்க ஒழுங்கான சாப்பாடு இல்லைப் போல," என்றார் அண்ணி.

"அண்ணி, அவவுக்குக் காணும், வயிறு நிறைஞ்சிட்டுது," என்றேன்.

"நீர் சும்மா இரும் தம்பி. அவ ஒண்டும் சொல்லேல்லையே. சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடுறா."

அன்று பின்னேரம் முழுவதும் பிளோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். போதும் என்று வாயைத் திறந்து சொல்வதற்கு என்ன என்று எரிந்து விழுந்தேன். தமிழிலேயே இரண்டுதரம் "போதும்" சொன்னாளாம். அண்ணி அதைக் காதில் போடவில்லை, ஏனென்றால் எங்கள் வீடுகளில் முதல் இரண்டு "போதும்" வெறும் உபசாரம். பாங்கொக்கில் தன் மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரை அளந்து கொடுக்கும் ஒரு பெண்ணைப் புட்டால் மடக்கிவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிறு காலை சேர்ச் ரோட்டிலுள்ள முருகன் கோவிலுக்கு நடந்தே போனோம். நல்ல கூட்டம். நிலத்தில் அமர்ந்திருந்த வயதானவர்களைத் தாண்டிப் போகவேண்டி வந்தபோது பிளோய் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட ஊர்ந்து போனாள். பெரியவர்களின் தலைக்கு மேலாக நிமிர்ந்து போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். இவ்வளவு மரியாதையை எங்கள் பிள்ளைகள் ஒருவரும் காட்டியதில்லை. அதைக் கண்ட ஒரு அம்மா அண்ணியிடம் இரகசியம் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார்.

"என்ன, பிள்ளைக்கு நாரி நோவோ?"

இடுப்பு வலிதான் என்று அண்ணி அதை நம்பி, வீட்டுக்கு வந்ததும் தைலப் போத்தலோடு நின்றார். பிளோய் கையெடுத்துக் கும்பிட்டு அதையும் வாங்கிப் பூசிக்கொண்டாள். இதற்கு நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

மத்தியானம் ஹரோவில் பாலேந்திரன் வீட்டில் விருந்து. மனோர் பார்க்கிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கே மெட்ரோபொலிட்டன் லைனுக்கு மாற்றம், எல்லாமாக ஒன்றேகால் மணி நேரம். ஹரோ வீடுகள் சோடி சோடியாக நிற்கின்றன, முன்னால் புல், இரண்டு கார். பாலேந்திரனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசலிலேயே கையைக் குலுக்கி, அடுத்த தையிலிருந்து வேலையைத் தொடங்கலாம், கிடங்குக்குக் கிட்டவே ஒரு பிளாட் இருக்கிறது என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன் அறையில் ஏழெட்டு ஆண்கள் கிளாசோடு இருந்தார்கள். பிளோய் என் பக்கத்தில் இருந்தாள்.

"தாய்லாந்தோ," என்றார் பாலேந்திரன், இரண்டாவது கிளாசுக்குப் பிறகு. "நாங்களும் போனனாங்கள்தானே, மனிசிமாரை விட்டிட்டு. பத்தாயா." இரவுக் கேளிக்கைக்குப் பெயர்போன அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் பிளோயை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, ஆனால் அறை முழுக்கக் கேட்க, "உண்மையைச் சொல்லும் ஐசே, எந்த மசாஜ் கடையில பிடிச்சனீர்?" என்றார்.

அறை அதிரச் சிரிப்பு. என் அண்ணனும் சிரித்தார், அதை நான் கண்ணால் கண்டேன். பிளோய் மெல்லச் சிரித்தபடி தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழும்பிவிட்டேன். என் மனைவி படித்தவள், உம்மைப்போல மனிசிக்கு ஒளித்து ஊர் சுற்றுகிற ஆளைத் தன் கடைவாசலில்கூட நிற்க விடமாட்டாள் என்று கத்தினேன். இன்னும் பலதும் கத்தினேன், அவற்றை இங்கே எழுத ஏலாது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். பாலேந்திரனின் மனைவி என்ன நடந்தது என்று கேட்டார். அவருக்கும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அண்ணன் என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். பிளோய் எழும்பி, வீட்டுக்காரப் பெண்ணின் முன்னால் குனிந்து கும்பிட்டு, சாப்பாட்டுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த வீட்டில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அண்ணனும் அண்ணியும் அங்கேயே நின்றுவிட, நாங்கள் இருவரும் ரயிலேறினோம்.

"அந்த ஆளைச் சும்மா விடச் சொல்கிறாயா?" என்று கேட்டேன். நாங்கள் தனியே பேசுவது எப்போதும் அவள் மொழியில்தான்.

"அவர் சொன்னது எனக்கு விளங்கியது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது," என்றாள். "நான் விளங்காதவள்போல இருந்து, சாப்பிட்டு, கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அந்த அசிங்கம் அவருடையதாகவே இருந்திருக்கும். நீங்கள் அதைக் குசினிவரைக்கும் கொண்டுபோய் எல்லாப் பெண்களுக்கும் பரிமாறினீர்கள். இனி அந்த வீட்டில் என் பேச்சு வந்தால் அந்த மசாஜ் கடையின் பேச்சும் வரும்."

"உனக்கு எப்படித் தமிழ் விளங்கியது?"

"பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் அண்ணனோடு போனில் கத்துகிறீர்கள். நான் அதே அறையில்தான் இருக்கிறேன்."

எனக்கு இன்னும் கொதித்தது. அவளுக்காகச் சண்டை பிடித்தவன் நான், குற்றவாளியும் நானா? இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஆளுக்கு நான் சொன்னது போதாது. லண்டனில் முப்பது வருடம் இருந்து, ஒரு காலத்தில் அகதி என்று பெயர் கேட்டு, கறுவல் என்று ஏச்சு வாங்கி, பிறகு கார் வாங்கி, வீடு வாங்கி, தன்னைவிடத் தாழ்வாகப் பார்க்க ஒரு நாட்டுப் பெண்களைத் தேடிப் பிடித்திருக்கிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்துக்குத் தமிழர் என்று பெயர் சொல்லவே எனக்குக் கூசுகிறது.

ஆனால் பாருங்கள், செவ்வாய்க்கிழமை அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து, "பாலா போன் பண்ணினவன். குடிவெறியில பகிடி விட்டிட்டானாம், மனசில வைக்க வேண்டாமாம். வேலை அப்பிடியே இருக்கு," என்றபோது என் கோபம் எங்கே போய் ஒளிந்ததோ தெரியாது. பார்க் ரோயலையும் அந்தப் பிளாட்டையும் போய்ப் பார்த்தேன். பிளாட்டில் வெயில் நன்றாக விழுந்தது. கூரை ஒழுகவில்லை. அந்த மனிதரின் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டியதில்லை, கிடங்குதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அன்றிரவு பிளோயிடம் கேட்டேன். "உங்கள் விருப்பம்," என்றாள். புதன்கிழமை பஸ்ஸில் கேட்டேன். "உங்களுக்குச் சந்தோசம் என்றால் சரி," என்றாள். வெள்ளிக்கிழமை கேட்டபோது சிரித்தாள். சம்மதம் என்று நானே அண்ணனுக்குச் சொன்னேன். அண்ணி மகிழ்ந்துபோய், "எனக்கு அப்பவே தெரியும், பிள்ளைக்கு இங்க நல்லாப் பிடிச்சிட்டுது," என்றார்.

சனிக்கிழமை காலை அண்ணன் எங்களைத் தன் காரிலேயே ஹீத்ரோவுக்குக் கூட்டிவந்தார். அண்ணியும் வந்தார். கார் நிறுத்த ஏழு பவுண் பிடுங்குகிறான் என்று அண்ணன் திட்டிக்கொண்டே பெட்டியை இறக்கினார். உள்ளே போகும் வாசலில் நின்று, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "அப்ப பிள்ளை, தையில வாறியள்தானே?" என்று பிளோயிடம் கேட்டார்.

பிளோய் இரண்டு கையையும் கூப்பினாள்.

"நான் வரமாட்டன் அண்ணை," என்றாள், தமிழில். "இவர் வரட்டும்."

அண்ணி வாயில் கைவைத்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினொரு வருடத்தில் அவள் ஒருவருடைய முகத்துக்கு நேரே மறுத்து நான் கேட்டதில்லை. ஒரேயொருமுறை மறுத்தாள், அதையும் என் அண்ணனிடம், என் மொழியில், நான் நடுவில் புகுந்து மொழிபெயர்த்துக் கெடுக்க வழியில்லாதபடி.

பாதுகாப்புச் சோதனை வரிசை நீளம். சப்பாத்தைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று என்று ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நல்ல வேலை போயிற்று, வெயில் விழுகிற பிளாட் போயிற்று, அண்ணன் முன்னால் மானமும் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் இருக்கிறேன் என்று சொல்கிற கந்தோருக்கே திரும்பிப் போகிறேன். அவள் இல்லாமல் இங்கே வரவும் என்னால் ஏலாது, அது அவளுக்குத் தெரியும். பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"இதை முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

அவள் தன் சப்பாத்தைத் தட்டில் வைத்தாள்.

"வாரம் முழுக்க உங்களிடம்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்," என்றாள்.