ஆக்லாந்து – மதுரை: கழிக்க வேண்டிய ஏழு மணி நேரம்

அண்ணன் அன்றைக்கே வந்துவிடுவான் என்று தெரிந்தே நான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன்.

தெரிந்தேவா?... அதைத்தான் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. நீங்களே கேளுங்கள்.

அப்பா ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆயுள் முழுக்க மருந்து கலந்தவர்; கடைசிச் சில வருடம் சீக்காளியாக வீட்டோடு இருந்தார். ஒரு வியாழக்கிழமை மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அண்ணன் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறான். "வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு இங்கன ஃப்ளைட்டு ஏறுறேன்லே. நான் மொகம் பாக்கணும், அப்பாவ வச்சிருங்க" என்று கதறினான். அதோடு அணைந்த அவன் போன் மதுரையில் இறங்கும்வரை உயிர் பெறவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா கேட்டார்: "எப்பலே வந்து சேருவான்?"

வீட்டில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தானே! கைப்பேசியில் பார்த்தேன். பல்லாயிரம் கிலோமீட்டர், சிங்கப்பூரில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய பதினேழு மணி நேரப் பயணம். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் சுமார் ஏழு மணி நேர வித்தியாசம். அதையும் கூட்டினேன். "சனிக்கிழமை காலைல" என்றேன்.

"சனியா? சனிப் பொணம் தனியாப் போகாதுலே! இன்னைக்கே எடுத்துருவோம்."

தகப்பனுக்குத் தலைப்பிள்ளை கொள்ளி வைப்பதே எங்கள் முறை. அவன் இல்லாததால் எனக்கு மொட்டையடித்தார்கள்.

கம்பெனியிலிருந்து வந்த சரவெடி வழியெல்லாம் வெடித்தது. சுடுகாட்டில் நீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றுகையில்தான் அது உறைத்தது. நாங்கள் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது கூப்பிட்டு, "இங்கன இருட்டிருச்சுலே" என்பானே அண்ணன்! அங்கேதான் பொழுது முந்தி. அப்படியானால்... கழித்திருக்க வேண்டும்! இன்று பொழுது சாயும்போதே மதுரையில் இறங்கிவிடுவான். இரவுச் சாப்பாட்டுக்குள் இங்கே இருப்பான். எங்கள் ஊரில் இருட்டிய பிறகு விளக்குப் போட்டுப் பிணம் எரித்ததும் உண்டு.

நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். சொன்னேனா? இல்லை.

வெடிச் சத்தத்தில் புத்தி ஓடவில்லையா? அல்லது, அப்பாவைக் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி அலைந்தவன் நான், அவரோ தினமும் "ஏலே, பெரியவன் பேசுனானா?" என்றுதான் கேட்பார்... அந்த வயிற்றெரிச்சலா? அல்லது தீ வைத்த பிறகுதான் எனக்கு உறைத்ததா? ஐயோ, ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறதே!

அண்ணன் வந்தபோது சிதை கனிந்துகொண்டிருந்தது. செருப்போடு ஓடிவந்து மண்ணில் விழுந்தான். நான் கணக்கில் தப்புவிட்டதை அன்றே எல்லோரும் அறிந்தார்கள். அந்தத் தப்பு எனக்கு எப்போது தெரிந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. "விடுலே, நானா இருந்தாலும் தடுமாறித்தான் இருப்பேன்" என்று என் மொட்டைத் தலையைத் தடவினான் அண்ணன்.

இப்போதும் வாராவாரம் கூப்பிடுகிறான். என் மனம் கோணக்கூடாது என்று அவனே கேலியாகத் தொடங்குவான்: "இங்கன மணி ஒம்பது. சொல்லுலே பாப்போம், கூட்டணுமா, கழிக்கணுமா?"

நானும் சிரிக்கிறேன்.