கடலிலிருந்து பார்த்த எங்கள் மொட்டைமாடி

பக்கவாதம் வந்து போன பிறகு என் மனைவி எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். காபியில் சர்க்கரை குறைந்தால்கூடச் சொல்லமாட்டாள். அதனால் போன மாசியில் ஒரு நாள், ஹால் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வீட்ட அங்கேருந்து ஒரு தடவ பாக்கணும்ங்க" என்று அவள் சொன்னபோது, படகு வாங்குவதென்று அன்றே முடிவு செய்தேன். எங்கள் வீடு மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கரையை ஒட்டி இருக்கிறது.

யாரிடமாவது சொல்லி ஏறிப் போயிருக்கலாமே என்பீர்கள். மீன்பிடிப் படகில் வெளியாரை ஏற்றக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பணிக்காலம் முழுக்கப் படகுகளைப் பதிவு செய்யும் பிரிவில் இருந்தேன். ஒன்றிலாவது ஏறியிருக்கிறேனா என்று எந்தத் தணிக்கையிலும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் கரையில் ஒருவர் தன் சிறிய ஃபைபர் படகை விற்கவிருந்தார். முட்டுக்காடு பக்கம் உப்பங்கழியில் ஒரு பாண்டூன் படகும் விலைக்கு இருந்தது. நீண்ட இரண்டு உருளைகளின் மேல் தட்டையான தளம், சுற்றிலும் கம்பி, நடுவில் சோபா. என் மனைவிக்கு இடது கால் தூக்க வராது. ஃபைபர் படகின் பக்கமோ இடுப்பு உயரம். ஆடுகிற படகில் அவளை எப்படி ஏற்றுவது? பாண்டூன்தான் சரி என்று அவளை அழைத்துப் போய்க் காட்டினேன். வாக்கரோடு நேராக உள்ளே நடந்தாள். கழியில் ஒரு சுற்று வந்தோம். டம்ளரில் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நம்ம ஹாலும் நல்லாதான் இருக்கு."

அலையைத் தாண்டி இதைக் கொண்டு போக முடியாது என்று விற்பவரும் சொல்லிவிட்டார். அவள் மறுபடி எதையும் கேட்காமல் இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "அங்க பாருங்க. வலை, ஐஸ் பெட்டி, எல்லாத்தையும் மணல்லயே ஏத்திட்டு அப்புறம்தான் தள்றாங்க. என்னையும் வலை மாதிரி ஏத்திடச் சொல்லுங்களேன்."

நான் மனத்துக்குள் ஒரு படகுத்துறையைக் கட்டி, அதில் அவளை ஏற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கரையில் துறை வசதி இல்லை என்று கோப்பில் எழுதி அனுப்பியவனே நான்தான்.

ஃபைபர் படகுக்காரரிடம் கேட்டேன். "சேரோட தூக்கி வச்சிடலாம் சார். அம்மா இன்னா, இன்ஜினவுடவா வெயிட்டு?" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். படகை வாங்கினேன், ஓட்டுவது அவர்தான் என்று பேச்சு. உரிமையாளரின் மனைவி வெளியாரா என்று விதிகளில் தேடினேன். விதிகள் மனைவிகளைப் பற்றிப் பேசுவதில்லை.

அலை அடங்கிய ஒரு காலையில் அவளைப் படகில் உட்காரவைத்து, மிதவைச் சட்டையின் வார்களை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை. படகு மணலில் நகர வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் வந்து கை வைப்பது இங்கே வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளுவார்கள். நானும் கை வைத்தேன்.

"அண்ணாத்த, சார் தள்றாரா, புடிச்சிகினு வராரா?"

"பென்ஷன்காரரு மச்சான். நிதானமாத்தான் தள்ளுவாரு."

படகு மிதந்ததும் என்னையும் தூக்கி உள்ளே போட்டார்கள். அலையைத் தாண்டியதும் படகு திரும்பி நின்றது. அவள் கரையை இடமிருந்து வலமாகத் தேடினாள். "மொட்டமாடில என் பச்சப் புடவ காயுது பாருங்க!" என்றாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் தூரம் போலாமா?" என்று கேட்டாள். போனோம்.

திரும்பி வந்தபோது அதே கைகள் படகை மேலே இழுத்தன. நன்றி சொல்லப் போனேன். "தேங்ஸு இன்னாத்துக்கு சார்? எங்க போட்டு வர்றப்ப நீயும் வந்து கைய வை."

இப்போது தினமும் காலையில் போய்க் கை வைக்கிறேன். பதிலுக்கு ஒரு கை கவலை மீன் கொடுக்கிறார்கள். பதவி உயர்வு வந்த நாளில்கூட இவ்வளவு நிமிர்ந்து வீட்டுக்கு நடந்ததில்லை. மீனைக் கழுவி வைத்துவிட்டு அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கர பத்தல" என்பாள்.

எழுந்துபோய் எடுத்து வருவேன்.