அக்கா வளர்த்த பத்தாவது குஞ்சு

எனக்குக் கல்யாணமான மறு வருஷம், மல்லசமுத்திரத்துப் பக்கம் விவசாயக் காட்டுக்குள் இருந்த எங்கள் வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். மூத்தவர் என் ஓரகத்தி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. எனக்கு நாலாம் மாதம்.

அந்த ஆடியில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அங்கிருந்த செங்கோழியின் முட்டைகள் பத்தைத் தவிட்டில் புதைத்துக் கூடையில் எடுத்து வந்தேன். எங்கள் வீட்டு அடைக்கோழியின் கீழ் வைத்தேன். ஒன்பது ஒரே நாளில் பொரிந்தன. பத்தாவது, ஓட்டில் கீறல் விட்டதோடு நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் அக்காதான் நகத்தால் மெல்ல உரித்து வெளியே எடுத்தார். ஈரப் பஞ்சு மாதிரி கிடந்தது. தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாது அம்மிணி" என்றார்.

"நீங்களே வெச்சுக்கங்க அக்கா" என்றேன் நான். ஒன்பது திடமான குஞ்சுகள் இருந்தபோது அந்த ஒன்றைக் கொடுக்க எனக்கு என்ன வருத்தம்?

மூன்று வாரத்தில் என் குஞ்சுகள் இறக்கை முளைத்து, குப்பைமேட்டைக் கிளறத் தொடங்கிவிட்டன. அது மட்டும் எலுமிச்சங்காய் அளவில், பொரிந்த நாளின் பூமயிரோடு இருந்தது. அக்கா அதை மடியில் கட்டிக்கொண்டே வேலை செய்தார். சாணியும் வைக்கோலும் அடைத்த சட்டியைச் சாயங்காலம் புற்றோரம் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் அதில் ஏறியிருக்கும் கரையானைத் தட்டி என் குஞ்சுகளுக்குத்தான் முதலில் போடுவார். பொடிக் கரையான்களை மட்டும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துத் தன் குஞ்சுக்கு நீட்டி, "தின்னு சாமி, தின்னு" என்பார். அது ஒன்றைக் கொத்தி விழுங்குவதற்குள் மற்றவை வயிறு புடைத்துப் போய்விடும்.

அது பிழைத்துக்கொண்டதுதான் எனக்குத் தாளவில்லை. என் வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்ததும், "ஏனுங்க நங்கையா, குஞ்சு இன்னைக்கு என்ன தின்னுச்சு?" என்று அண்ணியான அக்காவைக் கேட்பார். காலையிலிருந்து வாந்தி எடுத்துப் படுத்திருந்த என்னைக் கேட்கமாட்டார். தேறாது என்று சொன்ன மாமியாரே அதற்கு நொய்யரிசியை ஊற வைத்துக் கொடுத்தார். அதிகம் பேசாத அக்காவின் வீட்டுக்காரர், காலை மடக்கி உட்கார்ந்து, அதற்கென்றே மூங்கில் பிளாச்சில் சின்னதாய் ஒரு கொடாப்புக் கூடை பின்னி அதன்மேல் கவிழ்த்து வைத்தார். நான் புளிப்பு மாங்காய் கேட்டு மூன்று சந்தை போயிருந்தது, யாரும் வாங்கி வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் கொடாப்பைச் சுற்றி உட்காருவார்கள். வாசல் நிறைய ஓடிய என் ஒன்பதை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முட்டையும் என் அம்மா வீட்டு முட்டைதான் என்று யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது.

ஒருநாள் முற்பகல், அக்கா கடலைக்காட்டுக்குக் களையெடுக்கப் போயிருந்தார். கொடாப்பின் மேல் ஒரு கல் இருந்தது. அதை எடுத்தேன். குஞ்சை வெளியே எடுத்து, என் குஞ்சுகளுக்கு நடுவே விட்டேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன்.

அது பயந்து ஓடவில்லை. ஆசையாய்க் கத்திக்கொண்டு தாய்க்கோழியிடம் போனது. கோழி ஒரு கொத்துக் கொத்தியது. அடுத்து ஒரு சேவல் குஞ்சு. ரத்தத்தைப் பார்த்ததும் ஒன்பதும் சேர்ந்துகொண்டன. நான் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுதான் பார்த்தேன். பிறகு ஓடிப்போய் எடுத்தேன். உச்சந்தலையில் தோல் உரிந்திருந்தது. கொடாப்புக்குள் வைத்து, பழையபடி கல்லையும் வைத்தேன்.

அக்கா வந்து பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார்.

"காக்கா கொத்திருச்சுங்க அக்கா."

"கொடாப்புக்குள்ள காக்கா எப்படி அம்மிணி போச்சு?"

என்னால் அதற்குமேல் முடியவில்லை. "நான்தானுங்க எடுத்து உட்டேன். எல்லாரும் அதையே பாக்கறீங்க. என்னையப் பாக்கறதுக்கு இந்த ஊட்டுல ஆளில்லை" என்று அழுதேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்து அதன் தலையில் தடவினார்.

"உன்ற வயிறு நாளுக்கு நாள் பெருசாவுது. அதைப் பாக்க எனக்கு முடியல அம்மிணி. கண்ணு வேற எங்கியாச்சும் போகோணும்னுதான் இதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கோயில்ல வேண்டிக்கறதும் நான்தான். ஊட்டுக்கு வந்து வயிறெரியறதும் நான்தான்" என்றார்.

என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டிருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புண் ஆறிய பிறகு, அக்கா கொடாப்பைக் குஞ்சோடு தூக்கி வாசல் நடுவே வைத்தார். நான் அதைச் சுற்றி நொய் இறைத்தேன். உள்ளே அது தின்ன, வெளியே மற்றவை தின்றன. பத்துப் பதினைந்து நாள் ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பின் திறந்துவிட்டோம். அந்தச் சேவல் குஞ்சு மட்டும் துரத்தியது. அதைப் பிடித்து நானே பெரிய கொடாப்பில் நான்கு நாள் அடைத்துப் போட்டேன். அதன்பின் தொல்லை இல்லை. சின்னது எப்போதும் கடைசியாய்த்தான் தின்னும், கூட்டத்தின் ஓரத்தில்தான் படுக்கும். ஆனாலும் கூட்டத்தோடு இருந்தது.

என் ஒன்பதில் இரண்டைப் பருந்து கொண்டுபோனது. மாசியில் வந்த கழிச்சல் நோயில் ஐந்து செத்தன. சின்னது மற்றவற்றில் பாதி உயரத்துக்குக் கோழியாகி, தாமதமாக முட்டையிட்டது. புறா முட்டை அளவுதான் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது.

எனக்குப் பெண் பிறந்தாள். அழுதால் அக்காவின் தோளுக்குப் போனால்தான் ஓய்வாள். என் கையில் கொடுத்தால் முறுக்கிக்கொண்டு திரும்பி அவரைத் தேடுவாள். எனக்குள் மறுபடி அதே எரிச்சல். இந்தத் தடவை மறைக்கவில்லை.

"எனக்குப் பொறாமையா இருக்குதுங்க அக்கா."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர், பிள்ளையை என் மடியில் போட்டபடி. "பாலைக் குடுத்துட்டுச் சீக்கிரம் திருப்பிக் குடு."