"எங்க பாத்தே?"

கடைசிப் பக்கத்திலிருந்துதான் அண்ணி எந்தக் கோப்பையும் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நாங்கள் சாப்பிடுவோம். மறுபக்கம் அறுபத்திரண்டு மாணவர்களின் கோப்புகள் அடுக்கியிருக்கும். பென்சிலின் ரப்பர் முனையால் தாள்களைப் புரட்டுவார். விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அண்ணன் அந்த ரகம் என்பதால் கோப்புகள் பக்கமே அவரை விடுவதில்லை.

அண்ணி கல்லூரி நூலகர். ஒரு தகவலை எப்படித் தேடுவது, கிடைத்ததை நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார். அதற்குப் பரீட்சை கிடையாது. ஆளுக்கொரு கேள்வி, பன்னிரண்டு வாரம். என்ன சொல் போட்டுத் தேடினார்கள், எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், எதை ஏன் தூக்கிப் போட்டார்கள் என்று தேதி போட்டு எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும். மதிப்பெண் அந்தக் கோப்புக்குத்தான். வழி தவறியதை ஒப்புக்கொண்டால் கூடுதலாகக் கிடைக்கும். தவறவே இல்லை என்கிறவன் மாட்டிக்கொள்வான். போன வருஷம் ஒருவனுடைய கோப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மூணு வாரத்துத் தேடலும் ஒரே டீக்கறையில நனைஞ்சிருக்கு. ஒரே மூச்சுல உக்காந்து எழுதியிருக்கான்."

"எங்க பாத்தே?" என்பதுதான் நாள் முழுக்க அவர் வாயில். மாணவர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 'எங்கபாத்தே வருது' என்று யாராவது கிசுகிசுத்தால் வாசிப்பறை கப்சிப் என்றாகிவிடும். வீட்டிலும் தப்ப முடியாது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மூட்டு தேயும் என்று அம்மா ஒருநாள் சொல்லிவிட்டார்.

"எங்க பாத்தீங்க அத்தை?"

"போன்ல வந்துச்சும்மா."

யார் அனுப்பியது, அவருக்கு யார் அனுப்பியது என்று அண்ணி விடவில்லை. அம்மா, அதை அனுப்பிய தன் தங்கைக்குப் போன் போட்டு விசாரித்தார். மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்திதான் இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை.

இந்த வருஷம் அந்தக் கோப்புகளுக்கே கண்டம் வந்திருக்கிறது. கணினியில் ஐம்பது கேள்வி போதும், பத்து நிமிடத்தில் மதிப்பெண் வந்துவிடும் என்று கல்லூரியில் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். நாளைக் காலை குழு கூடுகிறது. கோப்பு முறையால் என்ன லாபம் என்று காட்ட, ஐந்தே ஐந்து கோப்புகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு வருஷ உழைப்பு நிற்பதும் போவதும் அந்த ஐந்தின் கையில்தான்.

நான்கை நேற்றே எடுத்து வைத்துவிட்டார். ஐந்தாவதைத் தேடும்போதுதான் இன்று பென்சில் நின்றது. ஒரு மாணவியின் கோப்பு. அண்ணி வகுப்பில் கொடுக்கும் கையேட்டின் முதல் வரி, 'நூறு பேரில் தொண்ணூற்றொரு பேர் தேடலின் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை' என்பது. கீழே ஓர் அறிக்கையின் பெயரும் இருக்கும். அந்த வரியையே தன் கேள்வியாக எடுத்துக்கொண்ட அந்தப் பெண், அறிக்கையை வரவழைத்து முழுக்கப் படித்திருக்கிறாள். அப்படி ஓர் எண்ணே அதில் இல்லை. இன்னும் மூன்று இடங்களில் தேடி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: 'மேடம், இத நீங்க எங்க பாத்தீங்க?'

அண்ணனிடம் சொல்லும்போது அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "ஒரு பயிற்சி வகுப்புல யாரோ திரையில போட்டாங்க. அறிக்கை பேரும் அதுலயே இருந்துச்சு. அப்படியே எழுதிக்கிட்டேன்."

முதல் பக்கத்தைத் தாண்டாதவர்களில் அண்ணியும் சேர்த்தி என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பாவமாகவும் இருந்தது. அண்ணன் காரியக்காரர். இந்தப் பக்கம் குழுவின் கண்ணில் பட்டால் கோப்பு முறையும் போகும், அண்ணியின் மானமும் போகும் என்றார். இவ்வளவு நல்ல கோப்பை விட்டுவிடவும் அவருக்கு மனசில்லை.

"அந்த ஒரு தாளை மட்டும் உருவிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணி மதிப்பெண் கட்டத்தில் முழு மதிப்பெண்ணைப் போட்டார். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்து, அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கீழே 'பார்க்கவில்லை' என்று எழுதி, பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, கோப்பை மற்ற நான்கின் மேல் வைத்தார்.