லண்டனில் குந்திய மிஷின்

பொன்னுராஜ் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டது தொண்ணூற்றாறில். முதலில் ஊர் வேடிக்கை பார்க்கத்தான் வந்தது. ஜோசியரிடம் போனால் நாலு நாள் நடக்க விடுவார். இங்கே பிறந்த நேரத்தைச் சொன்னால், வெற்றிலை மென்று துப்புவதற்குள் கட்டம் போட்ட காகிதம் வந்து விழும்.

மிஷினுக்கு ஒரே ஒரு கோளாறு. கரண்ட் போய் வந்தால் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்துவிடும். அதைச் செய்தவன் எந்தச் சீமைக்காரனோ, நினைவு தப்பியதும் நேரே லண்டனில் போய்க் குந்திக்கொள்ளும். கரண்ட் போகாத நாள் என்று நம் ஊரில் ஒன்று உண்டா? ஒவ்வொரு தடவையும் பொன்னுராஜ் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தட்டி அதை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவர வேண்டும். டீக்கடை பால்ச்சாமி கிளாஸை வைக்கும்போதே, "அண்ணாச்சி, மிஷினு சீமையில இருந்து வந்து சேந்துட்டா?" என்பான். பனிமலையில் நின்று வயர்லெஸ்ஸில் தன் இடத்தைத் தப்பாமல் சொன்ன மனுஷனுக்கு இது பெரிய அவமானம்.

இடம் தப்பினால் காரியமும் தப்பும். நம்முடைய காலை ஆறு மணி வேறு, லண்டன் ஆறு மணி வேறு; அங்கே ஆறு அடிக்க இன்னும் ஐந்தரை மணி நேரம் ஆகும். அதற்குள் நிலா நகர்ந்திருக்கும். நட்சத்திரம் முடிகிற நேரத்தில் பிறந்தவர்களுக்கு நட்சத்திரமே மாறிப்போகும்.

அவருடைய மகள் சண்முகத்தாய் சோழபுரத்தில் பிறந்தபோது அவர் அஸ்ஸாமில் இருந்தார். ஜாதகம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. காலை ஷிப்டுக்கு மில் சங்கு ஊதும்போது பிறந்தாள் என்பது மட்டும்தான் தெரியும். ராஜபாளையத்தில் இருந்து சுந்தரபாண்டியனும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் மகன் சமுத்திரத்துக்குப் பெண் கேட்டு வந்த அன்று சாயங்காலம், கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. வந்த சம்பந்தம் நல்ல சம்பந்தம். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், மிஷின் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே இரண்டு ஜாதகத்தையும் போட்டுவிட்டார். பெண்ணுக்கு மகம். பொருத்தம் பிரமாதம்.

நிச்சயத்துக்கு வந்து இறங்கினார்கள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். பொழுதுபோகாமல் ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அடியில் பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷைப் படித்துவிட்டான்.

"மாமா, இதுல ஊரு லண்டன்னு போட்டிருக்கே?"

"அதான் பொண்ணு இம்புட்டு நெறமா இருக்கு" என்றார் யாரோ ஒரு சித்தப்பா. கூடம் முழுக்கச் சிரித்தது. பொன்னுராஜும் சிரித்தார். சிரித்தபடியே ஜாதகத்தை அவன் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்.

"செத்த இருங்க, இந்தா வாரேன்."

முன்னறைக்குப் போய் மிஷினைப் போட்டார். பட்டுச்சேலை சரசரக்கச் சண்முகத்தாயும் பின்னாலேயே வந்து நின்றாள். கடையில் டைப் அடிப்பவள் அவள்தான், அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பொன்னுராஜ் ஊரை மாற்றி, மகள் பிறந்த நேரத்தைத் தட்டினார். மிஷின் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு காட்டியது: ஆயில்யம்.

ஆயில்யத்துப் பெண் கால் வைத்தால் மாமியாருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். பொன்னுராஜின் கை தானாக சுவிட்சுக்குப் போனது. அணைத்துவிட்டு, அச்சுப் பிழை என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

"சொல்லிருங்கப்பா" என்றாள் மகள்.

"ஏட்டி, வாயை மூடு. தட்டு மாத்தப் போற நேரம்."

"மறைச்சுக் கட்டிக்கிட்டுப் போனா, அந்த அத்தை ஒரு தும்மல் போட்டாக்கூட எனக்குப் பக்குனு இருக்கும். என்னால முடியாதுப்பா."

சமுத்திரத்தை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது அவருக்கும் தெரியும். சுவிட்சில் இருந்து கையை எடுத்துவிட்டு, கூடத்துக்கு வந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கரண்ட் போனது, லண்டன், ஆயில்யம்.

சுந்தரபாண்டியன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆவுடையம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே கேட்டாள்.

"அண்ணே, எம்மவன் ஜாதகத்தையும் அன்னைக்கு இதே மிஷின்லதான போட்டீக?"

"ஆமா தங்கச்சி. அதையும் இப்பமே சரிபண்ணிருதேன்."

அவர் திரும்புவதற்குள் அவள் எழுந்து வந்து முன்னறை வாசலை மறித்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாம்ணே. கையால எழுதின ஜாதகத்துல அவனுக்குச் செவ்வா தோஷம். உங்ககிட்ட மறைச்சுட்டேன். வார எடமெல்லாம் அதாலேயே தட்டிப் போச்சு. உங்க மிஷினு இல்லேன்னு சொன்ன பொறவுதான் நான் நிம்மதியாத் தூங்குனேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். சுந்தரபாண்டியன் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

"ஆயில்யம் என்னையத்தான பிடிக்கும்? பிடிச்சா நான் பாத்துக்கிடுதேன். ரெண்டும் லண்டன்லயே பொறந்ததா இருக்கட்டும். தட்டை எடுங்க, ராகு காலம் வருது" என்றாள் ஆவுடையம்மாள்.

சித்தப்பாதான் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். பொன்னுராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயில்யம் என்று மிஷின் காட்டிய ஒரே காரணத்துக்காக, "வேற எடம் பாருங்க" என்று கடையில் இருந்து தான் திருப்பி அனுப்பிய, பெண்ணைப் பெற்ற தகப்பன்மாரில் ஒருவர் முகத்தையாவது நினைத்துப் பார்க்க முயன்றார். ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைக் கையில் வாங்கினார்.